ஒற்றைத் தின்னி

அன்று வங்கியின் கூட்ட அறையில் இருந்தவர்கள்:

டாக்டர் லூர்துராஜ், வங்கியின் தலைவர். கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது அவர் பழக்கம். வந்ததிலிருந்து துடைத்துக்கொண்டே இருந்தார்.

மிருதுளா, நோயாளியின் ஒரே மகள். தூங்காத முகம், கசங்கிய சுடிதார்.

நீலமதி பார்மாவின் வக்கீல். பெயர் சொன்னார். யாரும் மனதில் வாங்கிக்கொள்ளவில்லை.

சம்சுதீன், வங்கிக்காக ஊர் ஊராகப் போய்ச் சாக்கடைத் தண்ணீர் மொண்டு வருபவர். யாரும் கூப்பிடவில்லை. தானாக வந்து கதவோரம் நின்றுகொண்டார்.

கனகசபை, நீலமதி பார்மாவின் முதலாளி. ஆள் அங்கே இல்லை. அடைப்பகத்துப் படுக்கையிலிருந்து சுவர்த்திரையில் தெரிந்தார். வலது கால் கட்டோடு போர்வைக்கு வெளியே கிடந்தது.

திலகவதி, வங்கியில் தின்னிகளை வளர்ப்பவள். அவள் வாயிலிருந்து வரவேண்டிய ஒரு சொல்லுக்காகத்தான் மற்ற எல்லோரும் வந்திருந்தார்கள்.

கடைசியாக, அரசு. திலகவதியின் தம்பி. செத்து ஆறு வருடம் ஆகிறது. பக்கத்து அறைக் குளிர்ப்பெட்டியில் விரல் நீளக் குழாய்க்குள் உறைந்து கிடந்த வைரஸுக்கு அவன் பெயர்.

வங்கி என்றால் பணம் போட்டு எடுக்கிற இடம் என்று நினைத்துவிட வேண்டாம். மாத்திரைக்கும் ஊசிக்கும் கிருமிகள் பழகிப்போய், முழங்கால் சிராய்ப்புக்கெல்லாம் ஆள் சாகிற காலம் வந்தபோது, மருத்துவம் வேறு வழியில்லாமல் சாக்கடைக்குள் இறங்கியது. ஒவ்வொரு கிருமிக்கும் அதைத் தின்பதற்கென்றே ஒரு வைரஸ் உண்டு. கிருமி கொழிக்கிற அதே அழுக்கில்தான் அதுவும் இருக்கும். அதைத் தேடிப் பிடித்து, வளர்த்து, உறையவைத்து, வேண்டிய நோயாளிக்குக் கொடுக்கிற இடம் இது. வாசல் பலகையில் நீளமாக ஒரு பெயர் எழுதியிருக்கும். ஊர் முழுக்கச் சொல்வது தின்னி வங்கி.

இந்த வங்கியில் ஒரு வழக்கம் உண்டு. ஆரம்ப காலத்தில் பெரிய கம்பெனிகள் வந்து நல்ல தின்னிகளையெல்லாம் வாரிக்கொண்டு போய்த் தங்கள் பெயரில் காப்புரிமை வாங்கிக்கொண்டன. அந்தச் சூடு பட்ட பிறகு வந்த வழக்கம் இது: ஒரு தின்னியைக் கண்டெடுத்தவர் நாலு பேர் முன்னால் வாய்விட்டுப் 'போகட்டும்' என்று சொன்னால்தான் குழாய் வெளியே போகும். கையெழுத்து செல்லாது. பதில் ஆள் செல்லாது. மாட்டேன் என்றால் காரணம் கேட்கக் கூடாது. சாதாரணமாக டீ குடித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போவார்கள்.

அன்று டீ ஆறிக்கொண்டிருந்தது.

ஏன் என்று அறையில் எல்லோருக்கும் தெரியும். நீலமதி பார்மா கிருமிக்கொல்லி மருந்து தயாரித்துக் கழிவைப் பின்பக்க மதகு வழியாக ஓடையில் விட்ட கம்பெனி. மருந்திலேயே குளித்து வளர்ந்த கிருமியை மருந்து என்ன செய்யும்? ஓடை போன வழியெல்லாம் புண் ஆறாத ஊர்கள். ஆலையை மூடு என்று ஜனங்கள் சாலையில் உட்கார்ந்தபோது கனகசபை டிவியில் வந்து, "கிருமி தண்ணியில இல்ல, ஆளுங்க உடம்புல இருக்கு. ஆளுங்களத் தனியா வைங்க," என்றார். அரசாங்கத்துக்கும் ஆலையை மூடுவதைவிட ஆளை மூடுவது சுலபமாக இருந்தது. அடைப்புச் சட்டம் வந்தது. அந்தக் கிருமி உடம்பில் இருக்கிறவரைக்கும், நோய் இருந்தாலும் சரி ஆறிவிட்டாலும் சரி, அடைப்பகத்துக்குள்தான் வாசம். செலவு குறையும் என்று ஒரே ரகக் கிருமிக்காரர்களை ஒரே கூடத்தில் போடச் சொன்னதும் கனகசபை தலைமை வகித்த குழுதான்.

அரசு கபடி ஆடுவான். ஓடைத் தண்ணீர் ஏறி வடிந்த மைதானத்தில் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். இந்தக் கிருமிக்கு ஒரு விசித்திரம், பழுத்த திராட்சை வாசம் அடிக்கும். வீட்டில் திலகவதி கட்டு மாற்றும்போது, "அக்கா, என் கால்ல திராட்சைத் தோட்டம் போட்டுட்டாங்க பாரு," என்று சிரித்தான். அடுத்த வாரம் வண்டி வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அவனை அடைப்பகத்துக் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்த்தாள். சாகும்போது அவன் கண்ணாடியில் கை வைத்தான். அவளும் வைத்தாள். கண்ணாடி சில்லென்று இருந்தது. அவ்வளவுதான்.

எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்தவள் பாதியில் விட்டாள். சம்சுதீனின் வண்டியில் ஏறி ஓடை ஓடையாக வாளி இறக்கினாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம் அந்தத் தின்னி கிடைத்தது, பிழைக்கவைக்க ஆள் இல்லாமல் போன பிறகு. பெயர் வைக்கச் சொன்னார்கள். வைத்தாள்.

இப்போது அதே கிருமி கனகசபையின் காலில். ஆயுத பூஜைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு பாய்லர் முன்னால் நின்றாராம். முந்தின வாரம்தான் வெள்ளத்தில் ஓடை ஆலைக்குள் ஏறி இறங்கியிருந்தது. சர்க்கரைக் கால், குதிகாலில் வெடிப்பு. தன் மதகில் போனது தன் கால் வழியாகவே திரும்பி வந்துவிட்டது.

"ரத்தத்துல கலந்துடுச்சு," என்றார் லூர்துராஜ். "கணினி வரைஞ்சு குடுத்த தின்னி எல்லாத்தையும் போட்டுப் பாத்தாச்சு. இந்தக் கிருமி ஒவ்வொண்ணையும் அடையாளம் கண்டு வெட்டிப் போட்டுடுது. காட்டுத் தின்னிதான் வேலைக்கு ஆகும். நம்ம கையில இருக்கிறது ஒண்ணுதான்." பெயரைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்.

திரையில் கனகசபை தலையை உயர்த்தினார். "ஏம்மா, உங்க தம்பி விஷயம் சொன்னாங்க. எந்த ஊரு நீங்க?"

"மதகுக்குக் கீழ இருக்கிற ஊரு."

"அங்க பாதிப் பேருக்கு நம்ம கம்பெனிலதான வேலை."

"ஆமா சார். சாகாத பாதிக்கு."

வக்கீல் இருமினார். மிருதுளா அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தாள். சம்சுதீன் கதவில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார்; இதோ இப்போது மாட்டேன் என்று சொல்லப்போகிறாள், சத்தம் வரும், வக்கீல் குதிப்பான், நாம் நடுவில் நிற்க வேண்டும் என்று தயாரானார்.

"போகட்டும்," என்றாள் திலகவதி.

லூர்துராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை உற்றுப் பார்த்தார். "திலகா, ஒண்ணு யோசிக்கணும். ஒத்தையா குடுக்கிறது நம்ம வழக்கமில்ல. ரெண்டாவது எதுவும் தேறலையா?"

"தேடிட்டேன் டாக்டர். இல்ல."

சம்சுதீன் தன் செருப்பைப் பார்த்தார்.

*

"என்னா தங்கச்சி இது?" வாசலுக்கு எதிர் டீக்கடையில் சம்சுதீன் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நான் சண்டைக்கு லுங்கிய மடிச்சுக் கட்டிட்டு நிக்கிறேன், நீ பாட்டுக்குத் தலையாட்டிட்டு வர்ற. அந்தாளு உம் பேரக்கூடக் கேக்கல. ஊரக் கேட்டான்."

"கேட்டா என்ன, கேக்காட்டி என்ன பாய்."

"சரி, அத வுடு. ஆலைக்குப் பின்னால, மதகு வாயில நான் வாளிய வுட்டு மொண்டனே, அதுல நீ ஒண்ணு கண்டுபுடிச்சியே. அரசு வுட்டுவெச்சதத் தேடித் தேடித் தின்னுதுன்னு துள்ளிக் குதிச்சியே. அது என்னாச்சு?"

"அது செத்துப்போச்சு பாய்."

"எப்போ?"

"நாளைக்கு."

சம்சுதீன் கிளாஸைக் கீழே வைத்தார். "புரியற மாதிரி சொல்லு."

"ஒத்தைத் தின்னி போட்டா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா? ஆறு வருசமா மொள்றீங்க."

"நான் மொள்றவன். நீ சொல்லு."

"அரசு உள்ள போனதும் கிருமியில முக்காவாசிக்கு மேல தின்னுடுவான். காய்ச்சல் எறங்கும், புண்ணு ஆறும், பசி எடுக்கும். ஆனா எல்லாத்தையும் தின்ன முடியாது. கொஞ்சம் தப்பிக்கும். தப்பிச்சது சட்டைய மாத்திக்கும். அப்புறம் அரசு எதிர்ல நின்னாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. கொடல்ல, மூக்குல, தோல்ல சும்மா உக்காந்திருக்கும். ஆளுக்கு ஒரு தொந்தரவும் குடுக்காது. அந்தச் சட்டைய மாத்தினவனப் பிடிக்கத்தான் ரெண்டாவது தின்னி. அது இருந்தா ஆளு முழுசா சுத்தம். இல்லன்னா..."

"இல்லன்னா கிருமி உடம்புலயே இருக்கும்." சம்சுதீன் மெதுவாகச் சொன்னார். "உடம்புல இருக்கிறவரைக்கும் அடைப்பகம்."

"அவரு போட்ட சட்டம்."

"நீ மாட்டேன்னு சொல்லிருந்தா செத்திருப்பான். ஒருத்தன் கேள்வி கேட்டிருக்க மாட்டான். வழக்கமே அதானே?"

"செத்தா என்ன பாய்? பேப்பர்ல படம் போடுவாங்க. ஆலையில ஒரு நாள் லீவு விடுவாங்க. மாலை குவியும். அந்த உபகாரத்த நான் ஏன் அவருக்குச் செய்யணும்? அவரு பொழைக்கணும். நல்லாத் தின்னு, நல்லாத் தூங்கி, நடந்து பழகி, கதவு வரைக்கும் நடந்து வந்து, கதவுல முட்டிக்கணும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மக நிக்கணும். கை வெக்கணும். சில்லுன்னு இருக்கணும்."

கடைக்காரன் ரேடியோவைத் திருகினான். சம்சுதீன் எழுந்து காசு கொடுத்துவிட்டு வந்தார்.

"அல்லா மேல ஆணையா இது தப்பு தங்கச்சி," என்றார். பிறகு, "நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்," என்றார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார்.

*

தின்னியை வளர்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு. அது கிருமியைத் தவிர வேறு எதையும் தின்னாது. அரசு உயிரோடு இருக்க வேண்டுமானால் அரசைக் கொன்ற கிருமியும் உயிரோடு இருக்க வேண்டும். ஆறு வருடமாக அந்தக் கிருமிக்குச் சோறு போடுகிறவள் திலகவதிதான். காலையில் வந்ததும் கையுறை மாட்டி, கிருமி வளரும் தட்டை எடுத்து, பழைய கூழ் மாற்றிப் புதுக் கூழில் ஏற்றிவைப்பாள். வைப்பதற்கு முன்னால் முகக்கவசத்தைக் கீழே இறக்கி, மூடியைக் கொஞ்சம் நகர்த்தி ஒருமுறை மோந்து பார்ப்பாள். இந்தத் தொழிலில் இருக்கிற பழைய ஆட்கள் நிறையப் பேருக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு. எந்தக் கிருமி என்று மூக்காலேயே சொல்லிவிடுவார்கள். செய்யக் கூடாது என்று சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தது. அவள் அடையாளம் பார்ப்பதற்காக மோக்கவில்லை. வீட்டில் அரசின் துணிமணி எல்லாவற்றையும் எரித்துவிட்டார்கள். அந்த வாசம் மட்டும்தான் மிச்சம்.

"டாக்டருகிட்ட சொல்லிடுவேன் பாரு," என்று சம்சுதீன் கண்ணில் படும்போதெல்லாம் மிரட்டுவார். "மூக்க நீட்டாத. ஒரு நாளு ஒட்டிக்கப் போவுது."

"ஒட்டினா அரசு தின்னுடுவான் பாய்," என்பாள். அது முக்கால்வாசி உண்மை.

குடுவையில் அரசு பெருகிக்கொண்டிருந்தபோது மிருதுளா வந்தாள். ஆய்வகக் கதவுக்கு வெளியே நின்றபடியே பேசினாள்.

"உள்ள வரலாமா அக்கா?"

"வரக் கூடாது. அங்கேயே நின்னு சொல்லுங்க."

"ஆலைய நிறுத்தச் சொல்லிட்டேன். அப்பா படுத்ததும் கையெழுத்துப் போடற அதிகாரம் எனக்கு வந்துடுச்சு. மதகை அடைச்சு, ஓடையத் தூர் வாரி, மருந்தடிச்சுச் சுத்தம் பண்ண ஆள் விட்டிருக்கேன். அடுத்த மழைக்கு முன்னால முடிஞ்சுடும்."

திலகவதி குடுவையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். இந்த ஒரு வாக்கியத்துக்காக அரசோடு சேர்ந்து அவள் ஊரே சாலையில் உட்கார்ந்து அடி வாங்கியிருந்தது.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா படுத்த படுக்கையிலயே எழுந்து வந்து நிறுத்துவார். எழுந்து வரட்டும்னுதான் நானும் வேண்டிக்கிறேன், என்ன செய்யறது." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "அவர் எதுக்கும் யாருகிட்டயும் மன்னிப்புக் கேட்டதில்ல. அவருக்காக நான் கேக்கலாமா?"

"நீங்க கேட்டா அது நீங்க கேட்டது. அவர் பேர்ல ஏறாது."

மிருதுளா தலையசைத்தாள். அதை எதிர்பார்த்துத்தான் வந்தாள் போலிருந்தது. "இருந்தாலும் போகட்டும்னு சொன்னீங்களே. நானா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் நடை சத்தம் ஓய்கிறவரை திலகவதி நின்றாள். குளிர்ப்பெட்டியைத் திறந்தாள். பின்வரிசையில், பெயர் ஒட்டாத குழாய் ஒன்று. எந்தப் பதிவிலும் ஏறாத தின்னி. கையில் எடுத்ததும் பனி உருகி விரல் நனைந்தது. அந்தப் பெண் நல்லவள் என்பது அவளுக்குப் புரிந்தது. நல்லவள் என்பதால்தான் கண்ணாடிக்கு வெளியே தவறாமல் வந்து நிற்பாள் என்பதும் புரிந்தது. அது அவளுக்குத் தேவையாக இருந்தது.

ப்ளீச்சிங் கரைசலில் குழாயைக் கவிழ்த்தாள். நுரைகூட வரவில்லை.

*

கனகசபை பிழைத்தார்.

நரம்பில் ஏற்றிய மறுநாள் காய்ச்சல் இறங்கியது. அந்த வாரமே எழுந்து உட்கார்ந்து தோசை கேட்டார். கறுத்துக் கிடந்த கால் சிவந்து, தோல் பிடித்து, தரையில் ஊன்றுகிற அளவுக்கு ஆனது. செய்தியில் சொன்னார்கள். வங்கிக்குப் பாராட்டு வந்தது. இறந்துபோன தம்பியின் பெயரால் ஒரு பகைவனைக் காப்பாற்றிய அக்காள் என்று ஒரு சேனல் அவள் படத்தைப் போட்டது. திலகவதி அதை மாற்றச் சொல்லவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

பிறகு பஞ்சுக்குச்சி சோதனை. கிருமி இருக்கிறது. கொஞ்ச நாள் விட்டு மறுபடியும் எடுத்தார்கள். இருக்கிறது. மூன்றாவது தடவை எடுத்ததைத் திலகவதி தானே வளர்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டாள்.

தட்டு முழுக்கப் பச்சையாக, பளபளவென்று வளர்ந்திருந்தது. அதன் மேல் அரசைச் சொட்டினாள். சாதாரணமாக அரசு விழுந்த இடம் தின்னப்பட்டு, கண்ணாடிபோலத் தெளிந்துவிடும். மறுநாள் வந்து பார்த்தால் தெளியவில்லை. ஒரு ஊசிமுனை அளவுக்குக்கூடத் தெளியவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டாயிற்று. இனி ஜென்மத்துக்கும் கதவு திறக்காது.

அவள் உள்ளே ஏதோ ஒன்று ஆறு வருடத்துக்குப் பிறகு கை காலை நீட்டிப் படுத்தது. முகக்கவசத்தை இறக்கினாள். மூடியை நகர்த்தினாள். எப்போதும்போல் கொஞ்சமாக அல்ல. முழுசாகத் திறந்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக இழுத்தாள்.

அதே திராட்சை.

*

அவள் நினைத்துப் பார்க்காத கஷ்டம் ஒன்று இருந்தது: சொல்ல முடியாது.

சொன்னால் வக்கீல் வருவான். மதகு வாயில் இன்னொரு தின்னி இருந்தது என்று தெரிந்தால் பத்து வண்டியில் ஆள் அனுப்பி எங்காவது ஒரு சொட்டுத் தேடுவார்கள். கிடைத்தாலும் கிடைத்துவிடும். ஆகவே வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் யார் அடித்தார்கள் என்று அடிபட்டவனுக்குத் தெரியாத அடி என்ன அடி? கனகசபை அதை விதி என்று நினைத்துக்கொண்டிருந்தார். போதாததற்கு நன்றியோடு இருந்தார். வாரா வாரம் வங்கிக்குப் பழக்கூடை வந்தது. மேலாக ஒரு கொத்துப் பன்னீர் திராட்சை. சம்சுதீன் அதை அப்படியே தூக்கிக்கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வருவார்.

ஒரு நாள் அடைப்பகத்துக்குப் போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கனகசபை தொப்பை போட்டு, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். பேசுகுழாயை எடுத்தார்.

"வாம்மா. உன்ன நெனைக்காத நாளு இல்ல. டாக்டரு சொல்றாரு, ரெண்டாவதா ஒண்ணு கெடச்சிருந்தா வெளிய வந்திருப்பேனாம். கெடைக்காதது யார் குத்தம்? நீயும் தேடித்தான் பாத்திருப்ப."

"தேடினேன்."

"மிருதுளா வர்றத கொறைச்சுட்டா. வந்தா சண்ட. ஆலைய மூடிட்டாளாம்! ரெண்டாயிரம் குடும்பம்... வெளிய வந்தேன்னா ஒரே வாரத்துல ஓட்டிக் காட்டுவேன். நீ வேணா பாரு." கண்ணாடியில் கை வைத்தார். "எனக்குன்னு யாரும் பகைய மறந்து ஒண்ணும் செஞ்சதில்லம்மா. நீ மனுஷியே இல்ல. தெய்வம்."

திலகவதி கையை வைக்கவில்லை. நாக்கின் நுனி வரைக்கும் வந்ததை விழுங்கினாள். வெளியே வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது சம்சுதீன் கேட்டார்: "திருப்தியா?"

"இல்ல."

"நெனச்சேன்," என்று வண்டியை எடுத்தார்.

*

வங்கியில் வேலை செய்கிற எல்லோருக்கும் மாதம் ஒருமுறை மூக்கில் பஞ்சுக்குச்சி விடுவார்கள். அந்த மாதம் லூர்துராஜ் திலகவதியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொல்லி, கண்ணாடியைக் கழற்றினார்.

துடைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

"எந்த ரகம்?" என்று அவளே கேட்டாள்.

"கனகசபை ரகம். சட்டைய மாத்தினது." சோதனைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். "உனக்கு ஒண்ணும் செய்யாது. சும்மா ஒட்டிட்டு இருக்கு. ஆனா சட்டம்..."

"தெரியும்."

"மூடியத் திறந்தியா?"

"திறந்தேன்."

"ஏன் திலகா?"

அவள் முகக்கவசத்தை மேலே இழுத்து மாட்டிக்கொண்டாள்.

"நாம தேடுவோம்," என்றார் லூர்துராஜ். "எல்லா ஓடையும் அலசுவோம். இதைத் தின்னக்கூடியது எங்கயாவது இல்லாமலா போகும்? கிருமி எங்க பொறந்துச்சோ அங்கதான் அதுவும் இருக்கணும். ஆலைக்குப் பின்னால, அந்த மதகு வாயில..." அவர் பாதியில் நின்றார். அவளைப் பார்த்தார். அங்கே நீ ஏற்கெனவே தேடவில்லையா என்று அவர் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடைப்பகத்துக்குச் சம்சுதீனே கொண்டுபோய் விட்டார். அரசாங்க வண்டியில் ஏற்ற அவர் ஒத்துக்கொள்ளவில்லை. முகக்கவசத்துக்கு மேலே கண் சிவந்திருந்தது.

"காலையில மதகுக்குப் போனேன். அந்தப் பொண்ணு சொன்னாப்பல செஞ்சுட்டா. ஜல்லி கொட்டி சிமென்டு பூசி, பக்கத்துல செடி வேற நட்டு வெச்சிருக்காங்க. வாளி வுட எடமில்ல. கீழ ஊரு வரைக்கும் நடந்தேன், ஓட கண்ணாடியாட்டம் கெடக்கு. புள்ளைங்க குளிக்குதுங்க." ஸ்டீயரிங்கை ஓங்கிக் குத்தினார். "மோக்காத மோக்காதன்னு எத்தினி தபா சொன்னேன்! கேட்டியா? ஒரு துளி வெச்சிருந்தீன்னா இன்னிக்கு நீ..."

"புள்ளைங்க குளிக்குதா?"

"ஆமா."

"நெசமாவா?"

"நான் எதுக்குப் பொய் சொல்றேன்?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அடைப்பகம் வந்ததும் பையைத் தானே தூக்கிக்கொண்டாள். சம்சுதீன் இறங்கவில்லை. இறங்கினால் அழுதுவிடுவார் என்று இருவருக்கும் தெரியும்.

"தங்கச்சி," என்று பின்னாலிருந்து கூப்பிட்டார். "அந்த ரகத்துக்கு உள்ள அந்தாளு ஒருத்தன்தான் இருக்கான். ஒரே கூடம். காலம் பூரா. எப்படி இருப்ப?"

திலகவதி திரும்பினாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்து சம்சுதீன் கதவுக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

காவலாளி வெளிக் கதவைத் திறந்துவிட்டான். சின்ன நடை. அதைத் தாண்டி உள்கதவு. உள்ளே நீளமான கூடம், இரண்டு பக்கமும் ஒவ்வொரு அறை, நடுவில் மேஜை, டிவி. கனகசபை நாற்காலியிலிருந்து எழுந்தார். ஆறிய காலை அழுத்தமாக ஊன்றி, கையை விரித்துக்கொண்டு வந்தார்.

"அடப்பாவமே! உனக்காம்மா இந்தக் கதி? என்னக் காப்பாத்தப் போயி... கவலப்படாத, என் வக்கீல வெச்சு உனக்கும் சேத்து..."

"உக்காருங்க சார்."

அவள் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அவர் பாதி வழியில் நின்றார். பிறகு பின்னால் கையை நீட்டி நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார்.

திலகவதி பையைக் கீழே வைத்தாள். எதிரே இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா தொண்டையிலயே நிக்குது. இனிமே சொன்னா யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது, உங்களாலயும் முடியாது, என்னாலயும் முடியாது."

"சொல்லும்மா. என்ன அவசரம்? நேரந்தான் கெடக்கே."

"ஆமா," என்றாள். "கெடக்கு."

அவளுக்குப் பின்னால் உள்கதவு மூடியது. காவலாளி பூட்டினான். பூட்டு சரியாக விழுந்ததா என்று ஒருமுறை இழுத்தும் பார்த்தான்.